இரக்கத்தின் பாட வரலாறு: யோவான் நற்செய்தியின் ஒரு பகுதி

பிறரைத் தீர்ப்பிடுவதை விடுத்து இரக்கம் காட்டவேண்டும் என்னும் கிறித்தவக் கருத்துக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத் தொடக்கத்தில் உள்ள நிகழ்ச்சியாகும். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணொருத்தி இயேசுவின் முன் நிறுத்தப்படுகிறாள். மோசேயின் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் தண்டனை விதித்திருந்தும் அங்குக் கொண்டுவரப்பட்டவள் பெண் மட்டுமே. குற்றஞ்சாட்டியோர் தத்தம் பாவத்தை எண்ணி ஒவ்வொருவராய் அகல, இயேசுவும் அவளைத் தண்டியாது அனுப்புகிறார். இப்பகுதி எழுத்திலும் மொழிபெயர்ப்பிலும் வழங்கிவந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் ஏடு, வத்திக்கான் ஏடு ஆகிய பழைய கிரேக்க ஏடுகளில் இப்பகுதி இல்லை. கிரேக்க ஏடுகளுள் இதனை முதலில் தருவது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினதாகிய பேசா ஏடு. பிற்கால ஏடுகள் சிலவற்றில் இது யோவான் நற்செய்தியின் இறுதியிலும், வேறு சிலவற்றில் லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை அடுத்தும் இடம்பெறுகிறது. எனவே இது தனித்து வழங்கிய பழைய செய்தி என்றும், பின்னரே நற்செய்தியுள் சேர்ந்தது என்றும் பாடத்திறனாய்வாளர் பலர் கொள்வர்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் இதற்கு வேறொரு காரணம் கூறினார். மனைவியர் தண்டனைக்கு அஞ்சாது பாவம் செய்வர் என்று அஞ்சிய சிலர் இப்பகுதியை ஏடுகளிலிருந்து நீக்கினர் என்பது அவர் கருத்து. ஏட்டுச் சான்றுகள் இதனை வலியுறுத்தவில்லை. ஆயினும், இரக்கம் பாவத்திற்கு இசைவாகக் கொள்ளப்படுமோ என்னும் அச்சம் அக்காலத்தே நிலவியமைக்கு அவர் கூற்றே சான்றாகிறது.

சிரியாக் மரபு ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. அம்மொழியின் பொது விவிலியமாகிய பெசித்தாவில் இப்பகுதி தொடக்கத்தில் இல்லை. ஆனால் 3ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் கிரேக்க மொழியில் தோன்றி, இன்று சிரியாக் மொழிபெயர்ப்பில் முழுமையாகக் கிடைக்கும் 'திதஸ்காலியா' என்னும் திருச்சபை ஒழுங்கு நூல் இந்நிகழ்ச்சியை எடுத்தாள்கிறது. மனந்திரும்பி வருவோரைக் கடுமை காட்டாது ஏற்குமாறு ஆயர்களை அறிவுறுத்தவே அந்நூல் இதனைப் பயன்படுத்துகிறது. ஆகவே, தீர்ப்பு வழங்கும் அதிகாரம் உடையோருக்குரிய அறிவுரையாகவே இச்செய்தி முற்காலத்தில் வழங்கியது என்பது தெளிவு.

இந்திய வரலாற்றில் இதே பகுதி மாறான சூழலில் தோன்றுகிறது. கேரளத்துத் தோமா கிறித்தவர்கள் வழிபாட்டில் பயன்படுத்திய விவிலியம் பெசித்தாவே. 1599இல் கோவாப் பேராயர் அலெக்சிஸ் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் மாமன்றம், அவ்விவிலியத்தில் இல்லாத நூல்களையும் பகுதிகளையும் பட்டியலிட்டு, இலத்தீன் பாடத்திற்கு ஏற்பச் சேர்க்குமாறு ஆணையிட்டது. அவற்றுள் விபசாரப் பெண்ணின் நிகழ்ச்சியும் ஒன்று. அதே மாமன்றம் சிரியாக் நூல்கள் பலவற்றைத் தவறான கொள்கை உடையன என்று தீர்மானித்து எரிக்கவும் பணித்தது. தண்டியாமையைக் கூறும் பகுதி, தண்டிக்கும் ஆணையோடு இணைந்து அம்மக்களிடம் வந்தது. இரக்கத்தை உரைக்கும் பாடத்தை ஓர் ஏட்டில் சேர்ப்பது வேறு, அதன்படி ஒழுகுவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் இச்சிக்கல் சொல்லளவில் தொடர்கிறது. கிரேக்கத்தில் 'க்ரினோ' என்பது பிரித்தறிதல், முடிவுசெய்தல், தீர்ப்பிடுதல் ஆகிய பொருள்களை உடையது. இப்பகுதியில் இயேசுவின் கூற்றில் வருவதோ 'கதாக்ரினோ'. குற்றவாளியெனத் தீர்த்தல் என்பதே இதன் பொருள். எனவே மறுக்கப்படுவது தண்டனைத் தீர்ப்பேயன்றி நன்மை தீமைகளைப் பிரித்தறிதல் அன்று. இனிப் பாவம் செய்யலாகாது என்னும் அறிவுரை தொடர்ந்து வருவதும் இதனாலேயே. 1871இல் வெளிவந்த விவிலியம் 'ஆக்கினை' என்னும் சொல்லால் இவ்வேறுபாட்டைக் காத்தது. கட்டளையைக் குறித்த வடசொல் தமிழில் தண்டனையையும் குறிக்கலாயிற்று. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் 'தீர்ப்பு' என்னும் எளிய சொல்லை இங்கு மேற்கொண்டது. எளிமை கூடியது, வேறுபாடு சற்றே மங்கியது.

விளியில் மாற்றம் இதனினும் பெரிது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் பெண்ணை விளிக்கும் பொதுச்சொல். அம்மொழியின் முன்னிலையில் தமிழில் உள்ளது போன்ற மரியாதை வேறுபாடும் இல்லை. தமிழில் நீ, நீர் என்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பழைய மொழிபெயர்ப்பு 'ஸ்திரீயே' என விளித்து ஒருமையில் பேசியது. 1995ஆம் ஆண்டுப் பதிப்பு 'அம்மா' என விளித்து 'நீர்' என்று பேசுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவளுக்கு எவ்விடத்தை அளிப்பது என்று மூலம் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளரே முடிவுசெய்ய நேர்கிறது.

ஆகவே, இப்பகுதியைப் படியெடுத்தவரும் சேர்த்தவரும் மொழிபெயர்த்தவரும் தாமும் ஒரு வகையில் தீர்ப்பிடும் நிலையில் இருந்தனர் எனலாம். மரியாதை விகுதி ஒன்றைத் தேரும்போதும் அப்பெண் மீண்டும் ஒருமுறை மன்றத்தில் நிறுத்தப்படுகிறாள் என்பதை மொழிபெயர்ப்பாளர் உளங்கொள்ளுதல் வேண்டும்.