பொட்டெலும்பில் வழி அறிதல்: காது அறுவைப் பயிற்சியில் நேவிகேஷன்

விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பட்டாசு ஆலை விபத்து என்றால் முதலில் தீக்காயத்தைத்தான் பார்க்கிறோம், பார்க்கவும் வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்தது போன்ற வெடிப்பில் உயிர் பிழைப்பதே பெரும்பாடு. ஆனால் வெடிப்பின் அழுத்த அலைக்குச் செவிப்பறை எளிதில் கிழிந்துவிடும். பெரும்பாலான கிழிசல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடாதவற்றுக்குச் சவ்வு ஒட்டினால் போதும். இதற்குத் திரையில் வழிகாட்டும் நேவிகேஷன் தேவையே இல்லை. கிழிந்த தோல் நடுக்காதுக்குள் சிக்கி, கொலஸ்டியடோமாவாக வளர்ந்து எலும்பை அரிக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அப்போது பொட்டெலும்பின் பகுதியான மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்தாக வேண்டும்.

குடையும் இடமோ மிகக் குறுகியது. மேலே மூளையுறை, பின்னால் சிக்மாய்டு சிரை, உள்ளே அரைவட்டக் குழல், அதையொட்டி முகநரம்பு. பட்டடை எலும்பின் குறுமுனையையும் பக்கவாட்டு அரைவட்டக் குழலின் மேட்டையும் கண்டுகொண்டவருக்கே நரம்பு இருக்குமிடம் பிடிபடும். நரம்பை நெருங்கும்போது வைர முனைக்கு மாறி, தண்ணீரை விடாமல் பாய்ச்சி, நரம்பின் போக்குக்கு இணையாகவே குடைய வேண்டும். எலும்பு மெலிந்ததும் அதனூடே வெளிறிய கோடாக நரம்பு தெரியும். இதைக் கண்டறியும் கண், பிண எலும்புகளைத் திரும்பத் திரும்பக் குடைந்துதான் பழகும்.

சி.டி. படத்தையும் நோயாளியின் தலையையும் பொருத்தி, கருவியின் நுனி நிற்குமிடத்தைத் திரையில் காட்டுவது நேவிகேஷன். சைனஸ் அறுவையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகைப் பொறுக்கலாம். முகநரம்பின் அருகே பொறுக்க முடியாது. முகத்தோலில் எடுத்த புள்ளிகளைக் கொண்டு பொருத்தினால், அவற்றிலிருந்து தள்ளியிருக்கும் காதில் பிசகு கூடும். திரையில் தோன்றும் பொருத்தப் பிழை எண், குடையும் நுனியில் உள்ள பிழையைச் சொல்வதில்லை. பயிற்சி மாணவர் அந்த எண்ணை நம்பிக் கைவைப்பது ஆபத்து.

ஆகவே நேவிகேஷன் முதலில் சேர வேண்டிய இடம் அறுவை அரங்கு அன்று, பயிற்சிக்கூடம் என்பதே என் வாதம். தனி எலும்பில் சிறு திருகுகளை நேரடியாகப் பதித்துப் படமெடுக்கலாம். தோல் நகரும் தொல்லை இல்லை, துல்லியமும் மிகும். அங்கும் திரையைப் பார்த்துக்கொண்டே குடையக் கூடாது. திரை அணைந்திருக்கட்டும். மாணவர் குடையட்டும்; “நரம்பு இங்கே, இன்னும் இவ்வளவு ஆழத்தில்” என்று சொல்லட்டும். அதன்பின் திரையைத் திறந்து ஒப்பிட வேண்டும். நரம்பை வெட்டிய பிறகே பிழை தெரிவது பழைய முறை. இதில் வெட்டும் முன்பே தெரிகிறது. குடைந்த எலும்பு திரும்பாது, கிடைப்பதும் குறைவு என்பதால் இது பெரிய லாபம்.

செலவு பெரிது என்பார்கள். உண்மைதான். ஆனால் சைனஸுக்கோ மூளை அறுவைக்கோ இக்கருவியை ஏற்கெனவே வைத்திருக்கும் கல்லூரி, அது ஓய்ந்திருக்கும் நேரத்தைப் பயிற்சிக்குத் தரலாம். இந்தப் பயிற்சியின் பயன் கொலஸ்டியடோமாவோடு நிற்பதும் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. அந்த அறுவைக்கும் முகநரம்பையொட்டிய ஒடுங்கிய வழியேதான் செல்ல வேண்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. வெடியோசைக்கு நடுவே வாழும் மக்களின் காதுகள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. அங்கே ஒரு பொட்டெலும்புப் பயிற்சிக்கூடத்தை முதலில் அமையுங்கள். நேவிகேஷன் கருவி அதன் பிறகு வரட்டும்.