ரெம்ப்ராண்ட் கொடுத்த மஞ்சக் கடுதாசி

கலைஞன் கையில் காசு தங்காது என்பது எல்லா ஊரிலும் நடமாடுகிற பேச்சுதான். ரெம்ப்ராண்ட் விஷயத்தில் இதை இரண்டு விதமாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒன்று, ஏலத்தில் கண்டதையெல்லாம் வாங்கிப்போட்டு வாழ்ந்துகெட்ட ஊதாரி. இன்னொன்று, 1718இல் ஹௌப்ராக்கன் எழுதிவைத்த வம்பு: மாணவர்கள் தரையில் நாணயத்தை வரைந்துவைப்பார்களாம், குரு குனிந்து பொறுக்கப்போய் ஏமாறுவாராம். ஊதாரியும் கஞ்சனும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும் என்று கேட்டவர்கள் குறைவு. இரண்டு கதையும் செய்கிற வேலை ஒன்றே: பணத்தைக் குணமாக மாற்றிவிடுகின்றன. குணம் என்று ஆக்கிவிட்டால் அப்புறம் பத்திரங்களைப் படிக்கவேண்டிய தேவை இல்லை.

பத்திரங்கள் இருக்கின்றன. ரெம்ப்ராண்ட் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் கடிதங்கள் ஏழே ஏழு. எல்லாம் ஆரஞ்சு இளவரசரின் செயலாளர் ஹூய்கென்ஸுக்கு எழுதியவை. கலைக்கொள்கை தேடிப் போகிறவர்களுக்கு அவற்றில் ஒரு வரி தேறினால் உண்டு; மிச்சமெல்லாம் படம் தயார், பணம் எப்போ என்கிற சமாச்சாரம். ஏசுவின் பாடுகள் வரிசையில் இரண்டு படங்களுக்குத் தலா 1,000 கில்டர் கேட்கிறார், 600க்கு இறங்கிவருகிறார். பணத்துக்கு அந்த அவசரம் ஏன்? அதே 1639 ஜனவரியில்தான் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்கு வீடு பேசி முடித்திருந்தார். தேர்ந்த கைத்தொழிலாளி ஒருவர் வருஷம் முழுக்க உழைத்தால் சுமார் 300 கில்டர் பார்க்கிற காலம் அது. ‘இரவுக் காவல்’ படத்துக்கே 1642இல் கிடைத்தது 1,600தான்.

கால்பாகம் ஒரு வருஷத்துக்குள், பாக்கி ஐந்தாறு வருஷத்தில் என்பது பேச்சு. பதினான்கு வருஷம் கழித்தும் பாதிக்குமேல் பாக்கி நின்றது. சும்மா இருந்தாரா என்றால் இல்லை. படம் விற்றார், பிறர் படங்களை வாங்கி விற்றார், செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தார். அதில் ஒன்றுக்கு ‘நூறு கில்டர் படம்’ என்றே பேர். விலையே தலைப்பாகிப்போன பிரதி! தகடு இருக்கும்வரை தாள் தாளாக அடித்துக்கொள்ளலாம் என்பதால் இதைத் தனியார் நாணயச்சாலை என்றுகூடச் சொல்லலாம். இனிமேல் வரையப்போகிற படங்களைக் காட்டியே கடனும் வாங்கினார். புரவலரின் தயவைவிடச் சந்தையை அவர் விரும்பித் தேர்ந்தார், அதில் ஒரு சுதந்திரம் கண்டார் என்று ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1988இல் வாதிட்டார். பாதி ஒப்புக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்துக்கு ஜாமீன் போட்டது யார் என்கிற கேள்வியை ஆல்பர்ஸோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

1652இல் இங்கிலாந்துடன் கடற்போர் மூண்டது. வியாபாரம் படுத்தது. வீட்டை விற்றவர் 1653இல் வட்டியும் வரியும் சேர்த்து 8,470 கில்டரைக் கீழே வை என்றார். ரெம்ப்ராண்ட் நகர மேலாட்சியின் பெரும்புள்ளி கார்னலிஸ் விட்சனிடம் 4,180, ஹெர்ட்ஸ்பேக் என்ற வியாபாரியிடம் 4,200, நண்பர் யான் சிக்ஸிடம் 1,000 என்று கடன் வாங்கினார். கடனை அடைக்கக் கடன்.

இங்கேதான் செத்துப்போன மனைவி சாஸ்கியாவின் உயில் வருகிறது. 1642இல் இறந்த அவள் தன் பாதிச் சொத்தை மகன் டீட்டஸுக்கு எழுதியிருந்தாள். மறுமணம் செய்யாதவரை அதை அனுபவிக்கிற உரிமை புருஷனுக்கு. அடுத்து வந்த ஹெண்ட்ரிக்யேயை அவர் கட்டாமலே வைத்திருந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்டுச் சபை அவளைத்தான் கூப்பிட்டனுப்பியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும். 1656 மே மாதம் வீட்டைத் தன் பங்கில் மகன் பேருக்கு மாற்றினார். ஜூலையில் ஹாலந்து மேல்நீதிமன்றத்தில் மஞ்சக் கடுதாசி. மோசடித் திவால் அல்ல, வியாபாரத்திலும் கடலிலும் நஷ்டம், சொத்தை நானே ஒப்படைக்கிறேன் என்கிற மரியாதையான வகை. ஜெயிலுக்குப் போகவேண்டாம்.

அதிகாரிகள் இரண்டு நாள் அறை அறையாய் நடந்து எழுதிய பட்டியலில் 363 இனங்கள். ரோமச் சக்கரவர்த்திகளின் தலைகள், சங்கு, பவளம், ஆயுதங்கள், கட்டுக்கட்டாய்ச் சித்திரங்கள், கிழக்கிந்தியச் சாமான்கள். பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்து நம் துணிகளை ஏற்றிய அதே கம்பெனி வளர்த்த சந்தையில் வாங்கியவை. அவரது ரசனையைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி இந்த ஜப்திக் கணக்கிலிருந்து வந்ததுதான். வீடு 1658இல் 11,218க்குப் போனது.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1660 டிசம்பரில் ஹெண்ட்ரிக்யேயும் பத்தொன்பது வயசு டீட்டஸும் ஒரு கம்பெனிப் பத்திரம் எழுதுகிறார்கள். படம், அச்சு, தகடு எல்லாம் கம்பெனிக்கு. ரெம்ப்ராண்ட் ஆலோசனை சொல்வார். சோறும் இருப்பிடமும் இலவசம். அவர் பேரில் ஒரு துரும்பு கிடையாது. ஹெண்ட்ரிக்யேயிடம் 800, மகனிடம் 950 பற்றுவேறு. சம்பாதிக்கிறபோது திருப்பித் தரவேண்டும். நம்ம ஊர் பாஷையில் பினாமி. ஆனால் யாருக்கு யார் பினாமி? கையொப்பத்தை மூலதனமாக்கிய ஓவியர் அந்தக் கையொப்பத்துக்கே உரிமையாளராக இல்லாமல் போனால்தான் கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க முடிந்தது. துணி வணிகச் சங்கத்தின் தர ஆய்வாளர்களை வரைந்தது 1662இல், இந்த நிலையில் இருந்தபோதுதான். அதே வருஷம் சாஸ்கியாவின் கல்லறையை விற்கிறார்.

நஷ்டம் கரைந்துபோகவில்லை, இடம் மாறியது. விட்சன் முழுத்தொகையையும் எடுத்துக்கொண்டார். ஹெர்ட்ஸ்பேக்கும் தன் 4,200ஐ வாங்கிவிட்டிருந்தார். ஆனால் தாய்ச்சொத்து முந்தியது என்று டீட்டஸ் தரப்பு வழக்காடியது. கீழ்க்கோர்ட், மேல்கோர்ட் என்று ஏறி 1665இல் இறுதித் தீர்ப்பு. ஹெர்ட்ஸ்பேக் வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டியதாயிற்று. அந்த நவம்பரில் டீட்டஸ் பெற்றுக்கொண்ட தொகை 6,952 கில்டர்.