பெஸ்ட் வகுப்புக்குப் போன அத்தாமார்கள்

சங்கத்தின் கல்விப் பணி என்றாலே உபகாரச் சம்பளமும் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பெரியவர்கள் படித்த கதையை நாம் எழுதி வைக்கவில்லை.

தஞ்சோங் பகாரில் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியானது, 1982இல் மூடப்பட்டது. அங்கே படித்துவிட்டுத் துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் போன நம் அத்தாமார்களுக்குத் தமிழ் நன்றாக வரும். தொழிற்பயிற்சிக்கோ ஆங்கிலம் வேண்டியிருந்தது.

இன்றைய தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் முன்னோடியான வி.ஐ.டி.பி. 1983இல் பெஸ்ட் திட்டத்தைத் தொடங்கியது. வேலை செய்பவர்களுக்குத் தொடக்கநிலை ஆறு அளவுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தந்தார்கள். 1987இல் வந்த வைஸ் அதை உயர்நிலை அளவுக்குக் கொண்டுபோனது. அதற்கு மேல் தொழிற்சான்றிதழ்.

எங்கள் அத்தா பெஸ்ட்டை முடித்து வைஸிலும் சேர்ந்தார்கள். வகுப்பு மாலையில், கடைக்கு ஆள் வருவதும் மாலையில்தான். நோன்புப் பெருநாள் வியாபாரம் வந்ததும் வகுப்பு நின்றது, பிறகு போகவே இல்லை. கூடப் படித்த நண்பர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர்; மேலாளரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டு, குளிர்சாதனப் பயிற்சி வரை போனார். அத்தா ஏன் வரவில்லை என்று சங்கத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அத்தா ஆங்கிலத்தில் எழுதிய பில் புத்தகங்கள் இன்னும் கடையில் இருக்கின்றன. கணக்கில் பிழையே இராது. எழுத்துப்பிழைகளைக் காட்டிச் சின்ன வயதில் நாங்கள் சிரித்திருக்கிறோம். அத்தாவும் சேர்ந்து சிரிப்பார்கள்.