குளிர்ந்த தொட்டில்

ஸ்டாக்ஹோம் நகரம். 1950-களின் ஒரு பிரசவ அறை. குழந்தை பிறந்துவிட்டது. ஆனால், அழவில்லை! உடம்பு வெளிறி, ஈரத்துணி மாதிரி துவண்டு கிடக்கிறது. ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தாயிற்று. மூச்சு வரவில்லை. டாக்டர் ப்யோர்ன் வெஸ்டின் அந்தப் பச்சைக் குழந்தையை எடுத்து... குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துகிறார்!

'ஐயையோ, இவருக்கென்ன பைத்தியமா?' என்று பதறுவீர்கள். பிறந்த பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்று நம் பாட்டிகள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்களே! வெஸ்டினின் கணக்கு வேறு. உடம்பு குளிர்ந்தால் மூளையின் ஆக்ஸிஜன் பசி குறையும். மூச்சு திரும்பும்வரை அது தாக்குப்பிடிக்கும். இப்படிக் குளிர்வித்த 10 குழந்தைகளைப் பற்றி 1959-ல் அவரும் சகாக்களும் எழுதினார்கள்.

மருத்துவ உலகம் மயங்கிவிடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1958-லேயே நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேன் குழு, குறைமாதக் குழந்தைகள் இருந்த இங்குபேட்டரின் சூட்டைச் சற்றுக் கூட்டினால் அதிகம் பேர் பிழைப்பதைக் காட்டியிருந்தது. குளிர்தான் எமன் என்றாகிவிட்டது. பாட்டி ஜெயித்தார்! வெஸ்டினின் தண்ணீர்த்தொட்டி மூலைக்குப் போனது.

பிறக்கும்போது மூச்சுத் திணறினால் மூளை பாதிக்கப்படலாம் என்பது, லண்டன் டாக்டர் வில்லியம் லிட்டில் 1861-லேயே சொன்ன விஷயம். ஆனால், அதன் பிறகு நூறு வருடங்களுக்கு மேல் டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார்கள். செத்த மூளை செல்லை யாரால் எழுப்ப முடியும்?

1980-களில் அதே லண்டனில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் குழு, காந்த அலைக் கருவியால் பச்சைக் குழந்தைகளின் மூளைக்குள் எட்டிப் பார்த்தது. ஆச்சரியம்! செல்கள் எல்லாம் உடனே சாவதில்லை. ஆக்ஸிஜன் திரும்பியதும் மூளை ஓரளவு தெளிகிறது. பிறகு, சில மணி நேரம் கழித்து, இரண்டாவது முறையாகச் சரிகிறது. நடுவே ஓர் அவகாசம்!

அந்த அவகாசத்தில் என்ன செய்யலாம்? மூலையில் கிடந்த பழைய குளிர் மறுபடி எழுந்து வந்தது. 1997-ல் நியூசிலாந்தில் அலிஸ்டர் கன் குழு, வயிற்றிலிருந்த ஆட்டுக்குட்டிகளின் தலையைக் குளிர்வித்து மூளை செல்களைக் காப்பாற்றிக் காட்டியது. 2005-ல் அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் சோதனை. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம். வழக்கமான சிகிச்சையில் 62 சதவிகிதக் குழந்தைகள் இறந்தன அல்லது ஊனத்தோடு வளர்ந்தன. குளிர்வித்தபோது அது 44 ஆகக் குறைந்தது.

இங்கே 'சுபம்' போட்டுவிடலாமா? முடியாது!

2021-ல் வெளியான ஆய்வு ஒன்று. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் சேர்த்து 7 மருத்துவமனைகள், 408 குழந்தைகள். சென்னையும் அதில் உண்டு. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவிகிதம் இறந்தன. குளிர்விக்காதவற்றில் 31 சதவிகிதம்தான்! அங்கே காப்பாற்றிய குளிர் இங்கே ஏன் கைவிட்டது? நம் பக்கத்துக் குழந்தைகளில் பலவற்றுக்குப் பாதிப்பு பிறப்பதற்கு முன்பே, மெள்ள மெள்ள நேர்ந்திருக்கலாம், அந்த அவகாசம் தொட்டிலுக்கு வருமுன்பே தீர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆகவே நம் ஊருக்குப் பெரிய மருந்து பிரசவ அறையிலேயே இருக்கிறது. வயிற்றுக்குள் துடிக்கும் இதயத்தை அடிக்கடி காதுகொடுத்துக் கேட்கும் ஒரு நர்ஸ். குழந்தை அழாவிட்டால் முதல் நிமிடத்திலேயே முகமூடியும் காற்றுப்பையும் வைத்து மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒரு கை. உங்கள் வீட்டில் பிரசவம் என்றால், 'ஏசி ரூம் உண்டா?' என்று விசாரிப்பதற்கு முன்னால் இந்த இரண்டும் உண்டா என்று கேளுங்கள்!