மார்கழி வெந்நீரும் சவுக்கு விறகும்

சென்னையில் குளிர்காலமா என்று டில்லிக்காரர்கள் சிரிப்பார்கள். நுங்கம்பாக்கம் பதிவேட்டில் ஆகக் குறைந்த வெப்பநிலை 1905 ஜனவரியில் பதிவான 13.9 டிகிரிதான். சாதாரண மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆனால் நமக்கு அதுவே குளிர். அதனால் மார்கழியும் தையும் தியாகராய நகர் வீடுகளில் பொழுது விடியும் முன்பே கொல்லைப்புறத்தில் அடுப்பு எரியும். சமையலுக்கு அல்ல, வெந்நீருக்கு.

உத்தியோகத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து நான் தி.நகருக்குக் குடிவந்தது 1970களில். சமையல் வாயு இந்தியாவுக்கு வந்து சில காலம் ஆகியிருந்தது. 1955ல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி தொடங்கி வைத்தது. 1965ல் இண்டேன் வந்தது. ஆனாலும் சிலிண்டரை வெந்நீருக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. சமையல் ஸ்டவ்வுக்கும் கேஸுக்கும் மாறிய வீடுகளிலும் வெந்நீர் மட்டும் விறகிலேயே காய்ந்தது. சில வீடுகளில் நடுவே குழாய் வைத்த செப்பு பாய்லர். மற்ற வீடுகளில் மூன்று கல், மேலே கரியேறிய அண்டா. நாலைந்து தெருவுக்கு ஒரு விறகுத் தொட்டி இருந்தது. அங்கே பெரிய தராசில் நிறுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சவுக்குக் கட்டைதான். பற்றவைக்கச் சவுக்கு மிலாறு.

இந்தச் சவுக்கு நம் ஊர் மரம் அல்ல. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியக் கடற்கரைகளைச் சேர்ந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இது முதலில் 'ஃபிலாவோ' என்ற பெயரில்தான் அறிமுகம். சோழமண்டலக் கரையில் இது பரவியதற்கு ரயிலும் ஒரு காரணம். 1856ல் மதராஸில் இரண்டு காரியங்கள் நடந்தன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதே ஆண்டு மதராஸ் மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அமர்ந்தார். அன்றைய என்ஜின்கள் விறகை விழுங்கின. காடு தாங்காது என்ற கவலை எழுந்தது. வேறு பயிர் விளையாத கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழும்பின. என்ஜின் நிலக்கரிக்கு மாறிய பிறகு சவுக்கு வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்தது.

இதைவிடத் தோதான விறகு கிடைப்பது அரிது. பச்சையாக இருந்தாலும் எரியும். ஒரு கிலோவுக்குச் சுமார் 5000 கிலோ கலோரி வெப்பம். நாலைந்து வருஷத்தில் வெட்டலாம். வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் மணலிலும் வளர்கிறது.

விறகு நகரத்துக்கு வந்த பாதையில் முக்கியமானது பக்கிங்காம் கால்வாய். 1806ல் எண்ணூர் வரை கொக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, பின்னர் வடக்கும் தெற்கும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78ல், பசித்து வந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயர் கால்வாய்க்கு வந்தது. படகுகளில் உப்பும் விறகும் வந்தன. இன்று ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா, 1969ல் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் முன், சென்னைக்கு விறகு அனுப்பிய தீவு. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் நகரக் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. அதற்கு முன்பே படகுகள் போய்விட்டன.

மரம், ரயில், கால்வாய் என்று ஏடுகளில் கணக்கு உண்டு. அடுப்பை ஊதியவர்களுக்குத்தான் கணக்கு இல்லை.

எங்கள் வீட்டில் ஊதியது என் அம்மா. நாலரை மணிக்கு எழுந்து, பனியில் நமத்த கட்டையைப் பற்றவைத்து, ஊதுகுழலோடு அரைமணி நேரம் குந்தியிருப்பார். நாங்கள் ஐந்து பேர் வரிசையாகக் குளித்துவிட்டுப் போவோம். அவர் முறை வரும்போது அண்டாவில் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் விளாவியிருக்கும். மார்கழியில் தொடங்கும் இருமல் மாசி வரை விடாது. ஒரு டாக்டர் 'வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா?' என்று கேட்டார். அடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. அன்று பெரும்பாலும் யாரும் கேட்டதில்லை.

குளிர் தேசங்களில் இந்தப் பிரச்சினையை முன்பே யோசித்தார்கள். 1740களிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அறைக்குள் வெப்பம் தங்கி, புகை வெளியே போகும்படி இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். நம் நாட்டில் 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பரப்ப முயன்றார். 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி குஜராத் கிராமப் பெண்கள் சமைக்கும்போது சுவாசிக்கும் புகையை அளந்தார். 1983ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டுப் புகையால் 2020ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தையும், 2016ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தையும் இந்த எண்ணோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தேர்தல் கணக்கு அவற்றில் இருக்கலாம். ஆனால் அம்மாக்களின் நெஞ்சுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்று தி.நகர் அடுக்குமாடிகளில் குழாயைத் திருகினால் வெந்நீர். 'விறகு அடுப்புச் சமையல்' என்று ஓட்டல்கள் போர்டு மாட்டுகின்றன. என் வயதுக்காரர்கள் சந்தித்தால் அந்த வெந்நீரின் புகைவாசனைக்கு ஈடு உண்டா என்று பேச்சு வரும். பேசுகிறவர்கள் அநேகமாக ஆண்கள். உடன் இருக்கும் மனைவியர் அந்தப் பேச்சில் அவ்வளவாகக் கலந்துகொள்வதில்லை.

சவுக்கு இன்றும் மரக்காணம், கடலூர்ப் பக்கம் தழைக்கிறது; காகித ஆலைக்கும் பந்தலுக்கும் போகிறது. நல்ல மரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய மார்கழியைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வெந்நீர் எவ்வளவு இதமாக இருந்தது என்பதோடு, அதை யார் காய வைத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எத்தனை மாதம் இருமினார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதையும் சேர்த்தால்தான் வரலாறு.