சாந்துக்குள் இருந்த சோழநாடு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் நந்தியைக் கண்டு வியந்து, பெருவுடையாரைத் தரிசித்து, விமானத்தின் உச்சியைக் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களேயன்றி, அந்த விமானத்தின் அடியில், கர்ப்பக்கிருகத்தைச் சூழ்ந்து நிற்கும் கனத்த சுவர்கள் இரண்டுக்கு இடையே, குறுகியதும் இருண்டதுமான உட்சுற்று ஒன்று உண்டென்பதை அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே. முதலாம் இராஜராஜன் தனது இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1010-இல், இக்கோயிலை நிறைவு செய்த காலத்தை ஒட்டி, அவனுடைய சித்திரக்காரர்கள் அந்தச் சுற்றின் சுவர்களில் வரைந்து வைத்த ஓவியங்கள், பின்வந்த பல நூற்றாண்டுகள் மனிதக் கண்ணுக்குத் தெரியாமலே மறைந்து கிடந்தன.

மறைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். சோழர் ஆட்சி ஒடுங்கி, பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் வசமானபின், மங்கிப்போன பழைய சித்திரங்களின்மேல் புதிதாகச் சாந்து பூசித் தங்கள் காலத்துப் பாணியில் வேறு சித்திரங்களை எழுதுவித்தார்கள். கோயிலைப் புதுப்பிப்பது புண்ணியம் என்று கருதிய அக்காலத்தில் அது பக்தியினால் செய்த காரியமேயன்றி வேறல்ல. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவ்விருட்டுக்குள் விளக்குடன் நுழைந்து, மேற்பூச்சு உதிர்ந்திருந்த இடங்களில் அடியிலிருந்து எட்டிப் பார்த்த வேறொரு காலத்து வர்ணங்களையும் கோடுகளையும் கண்டு, அவை சோழர் காலத்தவை என்று உலகுக்கு அறிவித்தார். மேற்பூச்சினால் கெடுதல் நேரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் புகையும் காற்றும் மனிதர் கைகளும் நேரே படாதவாறு அந்தச் சாந்தே ஒரு கவசம்போல் நின்றது என்பதையும், நாயக்கர்மேல் குறை சொல்பவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சோழச் சித்திரக்காரர்களின் செய்முறையைச் சென்னை அரும்பொருட்காட்சிசாலையின் ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் பரிசோதித்து எழுதியிருக்கிறார். கருங்கற் சுவரின்மேல் முரட்டுச் சாந்து ஒரு படலமும், அதன்மேல் வழவழப்பான சுண்ணச் சாந்து மெல்லியதொரு படலமும் பூசி, அந்த ஈரம் உலருமுன்னரே வர்ணத்தைத் தீட்டி முடித்திருக்கிறார்கள். சுண்ணம் காற்றோடு கலந்து இறுகும்போது வர்ணத்தையும் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பசையோ கோந்தோ வேண்டுவதில்லை. வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண் வகைகள் என்று பொருள்கள் எளியவைதாம், கைதான் எளிதன்று. உலர்ந்துவிட்டால் திருத்த வழியில்லாத சுவரில், ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உருவங்களை, அகன்று நின்று நோக்க இடமில்லாத ஒடுக்கத்தில், விளக்கொளியை நம்பி எழுதிய அந்தக் கைகளின் திண்மையை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகிறது. அவர்களுள் ஒருவர் பெயரும் சுவரில் இல்லை.

எழுதியிருக்கும் காட்சிகளுள் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது சுந்தரமூர்த்தி நாயனாரின் சரிதம். மணக்கோலத்தில் இருந்தவரை வழிமறித்து, நீ எனக்கு அடிமை என்று வழக்காடிய கிழவேதியர், ஆளோலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சபையில் நிற்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையோர் ஓலையையும் கிழவரையும் மாறிமாறிப் பார்க்கும் திகைப்பு அவர்கள் முகங்களில் அப்படியே இருக்கிறது. மணவிருந்துக்குச் சமையலும் நடக்கிறது. மேலே, வெள்ளை யானைமீது சுந்தரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலையை நோக்கி விரைய, ஆடுமகளிர் ஆடுகிறார்கள். இந்தக் கதையை நமக்கெல்லாம் விரித்துச் சொன்னது பெரியபுராணம். சேக்கிழாரோ இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் ஏட்டில் எழுதுவதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னரே சுவரில் அந்தக் கதை வர்ணத்தில் எழுதியாகிவிட்டது. காவியம் பிறந்த பிறகுதான் சித்திரம் அதைப் பின்பற்றும் என்று பொதுவாக எண்ணுகிறோம்; இங்கே சித்திரம் முந்திக்கொண்டது. பின்னர் தாராசுரத்தில் இரண்டாம் இராஜராஜன் காலத்துச் சிற்பிகள் அடியார்களின் சரிதங்களைச் சிறு சிறு கற்பலகைகளில் வரிசையாகச் செதுக்கினார்கள். தொண்டர்களின் நினைவை ஓவியன், புலவன், சிற்பி ஆகிய மூவருமாகச் சேர்ந்து நாட்டில் நிலைநிறுத்தினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

வடபுறச் சுவரில் திரிபுராந்தகர் தேரேறி நிற்கிறார். பிரமன் தேர் செலுத்த, எட்டுக் கைகளோடு வில்லேந்தி நிற்கும் அந்த மூர்த்தியின் முகத்தில் உக்கிரமும் கருணையும் ஒருங்கே தெரிவதைப் போன்றதொரு காட்சி தமிழ்நாட்டு ஓவியங்களில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பகுதியில் தில்லைக் கூத்தனை அரச பரிவாரம் வழிபடுகிறது. தாடியோடு கூடிய முதியவரையும் அவர் அருகில் நிற்பவரையும் கருவூர்த் தேவர் என்றும் இராஜராஜன் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். படத்தின் கீழ்ப் பெயர் எழுதியில்லாத காரணத்தால், அதை அனுமானம் என்ற அளவில் வைத்துக்கொள்வதே முறை.

இந்தக் கோயிலின் கல்வெட்டுகள் சரித்திர உலகில் பெரும் புகழ் பெற்றவை. நாட்டின் பல கோயில்களிலிருந்து வருவித்துக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த தெருவும் வீடும் அங்கே கல்லில் இருக்கின்றன. திருப்பதியம் பாட நியமித்த பிடாரர் நாற்பத்தெட்டுப் பேருக்கும், உடன் முழக்கிய இருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் சொன்ன ஆணையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்டுகள் கூந்தலை எப்படி முடித்தார்கள், எத்தகைய அணி பூண்டார்கள், அடியெடுத்து வைக்கையில் உடல் எப்படி வளைந்தது என்பனவற்றைக் கல்வெட்டு சொல்லாது. அவற்றையெல்லாம் உட்சுற்றின் சித்திரங்கள் சொல்கின்றன. மேல்தளத்து உட்சுவரிலோ, பரத சாஸ்திரம் கூறும் நூற்றெட்டுக் கரணங்களுள் எண்பத்தொன்றைச் சிவபெருமானே ஆடிக் காட்டுவதாகச் செதுக்கி, மீதி இருபத்தேழுக்கு உரிய கற்களை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். ஒரு ஜனசமூகம் தன்னை இன்னாரென்று அறிந்துகொள்ளப் பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. தன் முன்னோர் நின்ற நிலையையும் ஆடிய அசைவையும் காணவும் வேண்டும். தஞ்சையில் இரண்டும் ஒரே கோயிலில் வாய்த்தன.

அடியில் இருப்பதை வெளிக்கொணர மேலிருப்பதை அழிப்பதா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. நாயக்கர் ஓவியங்களும் கலையே. தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவினர் நிதானமாக முயன்று, மேற்படலத்தைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்து, இரு காலத்து ஓவியங்களையும் பிழைக்கச் செய்தார்கள். பிந்தியதை வெட்டி எறிந்து முந்தியதைக் கொண்டாடாத இந்தப் பொறுமையை அவர்களுடைய விஞ்ஞானத் திறமைக்கும் ஒரு படி மேலாகவே நான் மதிக்கிறேன்.

தஞ்சைக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லா ஊர்களுக்கும் வாய்த்துவிடவில்லை. கும்பாபிஷேகம் என்றவுடன் சுவரெங்கும் வெள்ளையடிப்பதும், மணலைப் பீய்ச்சித் தூணையும் சுவரையும் சுரண்டுவதும், பழைய விதானச் சித்திரங்களின்மேல் பளபளக்கும் வர்ணத்தைப் பூசுவதும் நம் கண்முன் நடந்து வந்திருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கும் செய்தி வந்தால், உண்டியலில் காணிக்கை போடுவதோடு நின்றுவிடாமல், மண்டபத்து விதானத்தையும் உட்சுவர்களையும் ஒருமுறை விளக்கெடுத்துப் பாருங்கள். அங்கே ஒரு கோடோ ஒரு வர்ணமோ தென்பட்டால், சுண்ணாம்பு வாளி உள்ளே வருமுன் திருப்பணிக் குழுவினரிடம் சொல்லி நிறுத்துங்கள்.