கைகழுவும் ஆணையும் நிறுவன மாற்றமும்: வியன்னா பொது மருத்துவமனை மகப்பேற்றுப் பிரிவு (1847–1849)

முன்னுரை

ஒரு மருத்துவமனையின் நடைமுறையை மாற்றுவதற்குச் சான்று மட்டும் போதுமா என்பது நிறுவன வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. வியன்னா பொது மருத்துவமனையில் 1847ஆம் ஆண்டு இக்னாஸ் செம்மெல்வைஸ் புகுத்திய கைகழுவும் முறை பெரும்பாலும் மருத்துவக் கண்டுபிடிப்பாகவே பேசப்படுகிறது. அதனை ஒரு நிறுவன மாற்றமாகக் கொண்டு, அது பயன் தந்ததற்கும் நிலைபெறாமற் போனதற்குமான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு பிரிவுகள்

அம்மருத்துவமனையின் மகப்பேற்றுத் துறை இரு பிரிவுகளாக இயங்கியது. 1840 முதல் முதற்பிரிவு மருத்துவ மாணவர்களுக்கும் இரண்டாம் பிரிவு மருத்துவச்சிகளுக்கும் பயிற்சிக்களமாக ஒதுக்கப்பட்டது. எந்தப் பிரிவில் சேர்க்கப்படுவது என்பதைச் சேர்க்கை நாளே முடிவு செய்தது. 1841 முதல் 1846 வரை முதற்பிரிவில் நிகழ்ந்த 20,042 மகப்பேறுகளில் 1,989 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 17,791 மகப்பேறுகளில் இறந்தோர் 691 பேர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டா எனப் பெண்கள் மன்றாடினர். பயிற்சி வசதிக்காகச் செய்யப்பட்ட நிருவாகப் பகுப்பே பின்னர் ஒப்பீட்டுச் சான்றாயிற்று.

1847 மார்ச்சில், பிண ஆய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்ட காயத்தால் பேராசிரியர் யாக்கோப் கோலெட்ச்கா இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மார் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. பிண ஆய்வு செய்த கையே நோயைக் கொண்டு செல்கிறது என்ற முடிவுக்குச் செம்மெல்வைஸ் வந்தார். மருத்துவச்சிகளின் பயிற்சியில் பிண ஆய்வு இடம்பெறவில்லை.

ஆணையும் திருத்தமும்

மே மாத நடுவில், பிரசவ அறைக்குள் நுழைவோர் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. முதலில் பயன்படுத்திய கரைசலின் விலை மிகுதியாக இருந்ததால், மலிவான குளோரின் சுண்ணாம்புக் கரைசல் பின்னர் கைக்கொள்ளப்பட்டது. ஏப்ரலில் 18.3 விழுக்காடாக இருந்த இறப்பு ஜூனில் 2.2 ஆகவும் ஜூலையில் 1.2 ஆகவும் குறைந்தது. அக்டோபரில், கருப்பைப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணைப் பரிசோதித்த கையாலேயே மற்றவர்களையும் பரிசோதித்ததால் பதினொருவர் இறந்தனர். அதன்பின் ஒவ்வொரு பரிசோதனைக்கு இடையிலும் கைகழுவுதல் கட்டாயமாயிற்று. தவறிலிருந்து விதியைத் திருத்திக்கொண்ட இப்பண்பே மாற்றத்தின் வலிமை எனலாம். 1848இல் முதற்பிரிவின் இறப்பு 1.27 விழுக்காடாகி, இரண்டாம் பிரிவுக்கு ஏறத்தாழச் சமமாயிற்று.

நிலைபெறாமை

இவ்வெற்றி ஓர் உதவியாளரின் தற்காலிகப் பதவியைச் சார்ந்திருந்தது. துறைத் தலைவர் யோகான் கிளைன் இக்கருத்தை ஏற்கவில்லை. ஏற்பதென்றால், தாய்மாரின் சாவுக்குத் தம் துறையினரின் கைகளே காரணம் என ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1849 ஜனவரியில் பேராசிரியர் ஸ்கோடா முன்மொழிந்த விசாரணைக் குழுவைப் பேராசிரியர் அவை ஏற்றது. கிளைன் முறையிட்டதால் அரசு அதனைத் தடுத்தது. மார்ச்சில் செம்மெல்வைஸின் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிப்பு கிடைக்கவில்லை.

மறுபுறம், தம் முடிவுகளை உரிய காலத்தில் அவர் எழுதி வெளியிடவில்லை. 1847 இறுதியில் அவற்றை முதலில் அறிவித்தவர் நண்பர் ஹெப்ரா. அவரது நூல் 1861ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தபோது அதன் பெரும்பகுதி எதிர்ப்பாளரைக் கண்டிக்கவே செலவாயிற்று. எனினும், பெஸ்ட் நகரின் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் 1851 முதல் அவரே பொறுப்பு வகித்தபோது, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் 933 மகப்பேறுகளுக்கு 8 தாய்மாரே மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்தனர். அதிகாரமும் அறிவும் ஓரிடத்தில் சேர்ந்த சூழலில் அதே விதி தடையின்றிச் செயல்பட்டது.

முடிவுரை

வியன்னாவில் சான்றுக்குக் குறைவில்லை. அச்சான்றைப் பதவி மாற்றத்துக்குப் பின்னும் காக்கும் விதியும், தலைவரின் விருப்பத்துக்கு அப்பால் ஆராயும் குழுவும், பிறர் ஏற்கத்தக்க எழுத்தும் இல்லை. ஒருவரின் கண்காணிப்பில் மட்டும் உயிர்வாழும் மாற்றம் அவர் வெளியேறியதும் காப்பின்றி நிற்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர்கள், எந்த நாளில் வலி காணும் என்பதைத் தாம் தேர்ந்துகொள்ள இயலாத தாய்மார்களே ஆவர்.